கால் நனைத்துவிட்டு உள்ளே வரவும்

அந்தக் குழுவின் மூன்றாம் விதி இது: 'சேர விரும்பி எழுதுபவர் எவராயினும், ஏழு நாட்களுக்குள் அவருக்குப் பதில் அளிக்கப்படும்.' நாங்கள் எழுதியது ஆகஸ்ட் பதின்மூன்று. ஆகவே இருபதாம் தேதிக்குள் பதில் வந்திருக்க வேண்டும். நான் முப்பத்து நான்கு ஆண்டு தாலுகா அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். விதியில் ஏழு நாள் என்று எழுதியவர்கள் ஏழாம் நாள் பதில் போட்டதாக என் பணிக்காலத்தில் கண்டதில்லை. நானும் போட்டவனல்ல. இருந்தும் அந்த ஏழு நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணவைத்தவர் பண்ணைக்காரம்மா.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "ஏனுங்க சார், எம்பேர யாருக்குக் குடுத்தீங்க? அவங்க எதுக்குக் கேட்டாங்க? கேட்டா நீங்க குடுத்துருவீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்பார். 

நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் குடியிருப்பு. அதன் கடைசித் தெருவை ஒட்டி அவருடைய முட்டைக்கோழிப் பண்ணை. கணவர் இறந்த பிறகு தனியாக நடத்தினார். இரும்புக் கேட்டுக்கு உள்ளே, வாசலின் அகலம் முழுவதும் அடைத்தபடி ஒரு சிமென்ட் தொட்டி. அதில் கணுக்கால் ஆழத்துக்கு ஊதா நிற மருந்துத் தண்ணீர். நோய் உள்ளே வராமலிருக்க, வருகிறவர் யாரானாலும் அதில் கால் நனைத்துத்தான் போகவேண்டும். இது எல்லாப் பண்ணையிலும் உள்ள ஏற்பாடுதான். மற்ற பண்ணைகளில் தண்ணீர் வற்றிக் கிடக்கும். அதிகாரி வரும் நாளில் நிரப்புவார்கள். இங்கே தினமும் காலையில் மாற்றப்பட்டது.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு புகாரோடு. ஈத் தொல்லை பற்றிக் குடியிருப்போர் சார்பில் எழுதியது. ஒரே தாள், எழுத்து பின்பக்கத்திலும் பாதிவரை. கேட்டருகில் நின்று அழைத்தேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

"வேற பண்ணைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"இல்லை."

"கறிக்கடைக்கு?"

"நேற்று போனேன்."

"அப்ப நாளன்னைக்கு வாங்க."

நாளன்னைக்குப் போனேன். கால் நனைத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டபோது முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். பின்பக்கத்தில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு யாரும் அதில் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாதல்லவா? வெற்றிடத்தைக் கோடிட்டு அடைக்கத் தெரிந்த பொதுமக்களில் ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஈ குறைந்ததா என்பது வேறு விஷயம். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இன்னொரு நாள் அவருடைய சொந்த அண்ணன், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். அவரும் பண்ணைக்காரர்தான். அதுதான் வினை. தங்கை உள்ளே, அண்ணன் வெளியே, நடுவில் தொட்டி.

"பத்திரிகைய அந்தக் கம்பியில சொருவிட்டுப் போங்கண்ணா. மஞ்சத் தடவுனது இருக்கட்டும், நான் சுண்ணாம்புப் பொடி தூவி எடுத்துக்கறேன்."

"கூடப் பொறந்தவன ஊட்டுக்குள்ள விடமாட்டீயா?"

"ஊட்டுக்குள்ள வாங்கண்ணா, ஊடு அந்தப் பக்கம். இது கோழிச் செட்டு. செட்டுக்குள்ள நீங்க எனக்கு அண்ணன் இல்ல, இன்னொரு பண்ணை."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பண்ணைக்காரம்மா போனார், முதல் பந்தியில் உட்கார்ந்தார், திரும்பி வந்து மூன்று நாள் செட்டுக்குள் கால் வைக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. தனக்கும் அதே விதிதான்.

இந்தத் தொட்டியை அவர் கைப்பேசிக்குள்ளும் கட்டிவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரிய வந்தது கொஞ்சம் தாமதமாக. அவரிடம் இரண்டு போன். ஒன்று இடுப்பில். வங்கி, மகள், வைத்தியர், தீவன ஆலை எல்லாம் அதில். மற்றொன்று முட்டை அறையில், ஓர் அட்டைத் தட்டின் மேல், பாலிதீன் உறைக்குள். கண்ணாடி விரிசல் விட்டது. அதற்குத் தனி எண், தனி மின்னஞ்சல். யாருடைய எண்ணும் அதில் கிடையாது, ஒரு புகைப்படம் கிடையாது.

"இது ஊட்டுப் போனு, அது செட்டுப் போனுங்க சார். குரூப்பெல்லாம் அதுலதான். என்ன கிருமி வந்தாலும் அதோட நின்னுக்கும்."

தடுப்பூசி, மக்காச்சோளம், வெயில் கால வளர்ப்பு என்று இருபதுக்கு மேற்பட்ட குழுக்களில் அவர் இருந்தார். கண்டபடி சேர்ந்ததில்லை. யாராவது இணைப்பு அனுப்பினால் அதைத் தொடமாட்டார். அந்தக் குழுவில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து விசாரிப்பார். சேர்ந்தபின் பதினைந்து நாள் வாய் திறக்கமாட்டார். புதுக் குஞ்சுகளைத் தனியே அடைத்துவைத்துப் பார்க்கும் கணக்கு அது. அந்தப் பதினைந்து நாளும் பழைய உரையாடல்களை அடியிலிருந்து படிப்பார். கேள்வி கேட்கிறவர், பதில் சொல்கிறவர், நன்றி சொல்கிறவர் மூவரும் மாறி மாறி அதே நாலு பேராக இருந்தால் வெளியே வந்துவிடுவார். பதினாறாம் நாள் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போடுவார்.

"மஞ்சக்கரு வெளுத்துப் போவுது, சுண்ணாம்புத் தண்ணி வெக்கலாமான்னு கேப்பேன். கோழி வளக்கறவன் எவனா இருந்தாலும் சிரிப்பான். சுண்ணாம்பு ஓட்டுக்குத்தான, கருவுக்கு எதுக்கு? தீனிய மாத்து பொம்பளன்னு திட்டுவாங்க. திட்டுனா நல்ல குரூப்புங்க சார். வைங்க மேடம், சூப்பர் மேடம்னு சொன்னா, அவங்க நம்மகிட்ட வேற எதுக்கோ நிக்கறாங்க."

கேட்டுவிட்டு நான் சிரித்தேன். ஆறு மாதம் கழித்து அந்தச் சிரிப்பை வட்டியோடு திருப்பிக் கட்டினேன்.

என் மனைவிக்கு முகத்தில் வலி வந்தது. வலக் கன்னத்தில் திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் வரும், சில நொடி இருக்கும், போகும். பல் என்று நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. பல் போனது, வலி இருந்தது. முகத்து நரம்பில் கோளாறு என்று சேலத்தில் அஸ்தம்பட்டி மருத்துவர் கண்டுபிடித்தார். சாப்பிட்டால் வலி, பல் துலக்கினால் வலி, காற்று பட்டால் வலி, பேசினால் வலி. அவள் பேசுவதை நிறுத்திவிட்டு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதிக்காட்ட ஆரம்பித்தாள். மாத்திரை கேட்காத நிலை வந்தபோது மருத்துவர், காதுக்குப் பின்னால் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு, யோசியுங்கள் என்றார்.

அவள் எழுதிக்காட்டினாள்: 'அதைப் பண்ணிக்கிட்ட ஒரு பொம்பள சொல்லி நான் கேக்கணும். அது வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்.'

மருத்துவரிடம் கேட்டேன். மற்ற நோயாளிகளின் விவரத்தைத் தர விதியில் இடமில்லை என்றார். சரியான விதி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் ஓய்வூதியர் குழுவில் ஒருவர் ஓர் இணைப்பை அனுப்பினார். முகவலிக்காரர்களுக்கான கலந்துரையாடல் குழு. திறந்து பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினொரு விதிகள், உட்பிரிவுகளோடு. பதிவு எண். வட்ட முத்திரை. பதினான்கு கலம் கொண்ட விண்ணப்பப் படிவம். படிவம் என்று ஒன்றைப் பார்த்தால் அதை நிரப்பாமல் விடும் மனவலிமை எனக்கு இல்லை. மனைவியின் பெயர், வயது, தொலைபேசி எண், ஸ்கேன் அறிக்கை, அடையாள அட்டை நகல் அத்தனையும் ஏற்றினேன். நான்காவது நிமிடம் அனுமதி வந்தது.

நான்கு நிமிடத்தில் நகரும் கோப்பை என் பணிக்காலத்தில் நான் சும்மா விட்டதில்லை. அன்று விட்டேன்.

மறுநாளே அங்கே ஒரு 'சகோதரி' கிடைத்தார். அறுவை செய்துகொண்டவராம். என் மனைவியோடு முகம் பார்த்துப் பேச வேண்டும், அதற்கு முதலில் அவர்கள் அனுப்பும் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். நல்ல செய்தியைச் சொல்லலாமென்று பண்ணைக்குப் போனேன். கால் நனைத்து உள்ளே போய் என் கைப்பேசியை நீட்டினேன். பண்ணைக்காரம்மா அதைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்றே படித்தார்.

"இத்தனை சட்டம் எதுக்குங்க சார்? வலியில கெடக்கறவங்க பதினோரு சட்டம் போட்டுட்டு இருப்பாங்களா?"

"ஒழுங்காக நடக்கும் அமைப்பு, அம்மணி. முத்திரை இருக்கிறது பாருங்கள்."

"அந்தம்மா எதுக்கு அக்காவைப் பேசச் சொல்லுது? பேசுனா வலிக்கும்னு அதுக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தார். "அக்கா, உங்களுக்கு ஆகவே ஆகாதது எது?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் எழுதினாள்: 'குளிர்ச்சி. பச்சைத் தண்ணி பட்டாலே உயிர் போவுது.' பண்ணைக்காரம்மா போய், செட்டுப் போனிலிருந்து வேறு பெயரில் அதே குழுவில் சேர்ந்தார். அவருக்கும் நான்கு நிமிடம்தான். இம்முறை பதினைந்து நாள் காத்திருக்கவில்லை. கன்னத்தில் ஐஸ் வைத்தால் சுகமாக இருக்கிறது என்று எழுதினார். பத்துப் பன்னிரண்டு பேர் பூங்கொத்துப் போட்டார்கள். ஆமாம் சகோதரி, ஐஸ் மிகவும் நல்லது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சகோதரியே தனிச்செய்தியில் வந்தார். என்னிடம் வலப்பக்கம் அறுவை ஆனவர், இவரிடம் இடப்பக்கம் ஆனவராக இருந்தார்.

செயலியை இறக்கவில்லை, அந்த அளவில் தப்பித்தோம். ஆனால் மனைவியின் எண் போய்விட்டதே. இரண்டு வாரம் யார் யாரோ கூப்பிட்டார்கள். மகள் என்று நினைத்து அவள் எடுப்பாள், 'ஹலோ' என்பாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு ஹலோவுக்கு ஒரு வெட்டு. எண்ணை மாற்றிக் கொடுத்த அன்று அவள் காலண்டர் தாளில், 'படிவம் நல்லா நிரப்பினீங்க' என்று எழுதிக்காட்டினாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

"குரூப்பைத் தேடாதீங்க சார், குரூப்புல இருக்கற ஆளத் தேடுங்க" என்றார் பண்ணைக்காரம்மா. அடுத்த முறை அஸ்தம்பட்டிக்குப் போனபோது அவரும் உடன் வந்தார். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த நாள். மருத்துவமனையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காற்று நுழையாத அந்தக் கூடத்தின் புழுக்கத்திலும் ஒரு கன்னத்தைத் துண்டால் இறுக்கிப் பொத்தியிருந்த ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, காத்துக்குப் பொத்தியிருக்கீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம். மாத்திரையில் இருப்பவர், அறுவை செய்துகொண்டவரல்ல. பண்ணைக்காரம்மா ஐஸ் வைக்கலாமா என்று கேட்டதும் அந்த மனிதர் துண்டோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். அது போதுமானதாக இருந்தது. தாம் படித்துவரும் ஒரு குழுவின் பெயரைச் சேலை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் குழுவின் பக்கத்தில் முத்திரை இல்லை. விதிகள் ஐந்து. உண்மையான பெயர் வேண்டாம், படம் வேண்டாம், அறிக்கை வேண்டாம். எதற்கு வந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்றது முதல் விதி. ஏழு நாள் என்றது மூன்றாவது. ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் அதே வீட்டிலிருந்து மற்றொன்று ஏற்கப்படாது என்றது ஐந்தாவது.

செட்டுப் போனில் பண்ணைக்காரம்மாவே எழுதினார். முதல் வரி: 'அக்காவுக்கு வலப்பக்கம் முகவலி, ஐஸ் ஒத்தடம் குடுத்தா நல்லா கேக்குது.' இரண்டாம் வரி: 'அக்கா பேசறதில்ல, காலண்டர் தாள்ல எழுதிக் காட்டுது, அதனால ஆபரேசன் பண்ணிக்கிட்ட ஒருத்தர் சொல்லிக் கேக்கோணும்.'

நான் ஆட்சேபித்தேன். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருவது நிராகரிப்புக்குப் போதிய காரணம். அதோடு காலண்டர் தாள் விவகாரம் கோரிக்கைக்குத் தொடர்பில்லாதது, அடித்துவிடுங்கள் என்றேன்.

"பொய்யின்னு அவங்க கண்டுபுடிக்கோணும்னுதான சார் போடறேன்."

இரண்டையும் அடிக்காமலே அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் இருபது போயிற்று. செப்டம்பர் முழுதும் போயிற்று. நினைவூட்டுக் கடிதம் எழுதலாம் என்றேன். "அவசரப்படறவங்கள நாம சந்தேகப்படறமல்ல, அவங்களும் படுவாங்க" என்று தடுத்துவிட்டார். வீட்டில் கஞ்சியும் உறிஞ்சுகுழலும்தான். மனைவி எடை குறைந்துகொண்டே வந்தாள். மாத்திரையைக் கூட்டியதில் நடை தள்ளாடியது. இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் ஒப்புதல் படிவத்தைக் கையிலேயே கொடுத்தனுப்பினார். அதை மேசைமேல் வைத்தேன். அவள் அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் பொறுக்காமல் பண்ணைக் கேட்டுக்குப் போனேன். கால் நனைக்கவில்லை; வெளியிலேயே நின்று சொன்னேன்.

"உங்க பொய்தான் அம்மணி வழியை அடைச்சுடுச்சு. இருந்த ஒரே நல்ல இடத்தையும் சோதிக்கறேன்னு கெடுத்துட்டீங்க. உங்க அண்ணனை நிறுத்தினீங்க, சரி. எல்லாரையும் வாசல்ல நிறுத்தி வெச்சுட்டு உள்ள யாரோட இருப்பீங்க?"

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "கோழியோடதானுங்க சார்" என்றார். வாளியை மறுபடி எடுத்துக்கொண்டு செட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை எங்கள் கேட்டில் ஒரு பாலிதீன் பை தொங்கியது. உள்ளே செட்டுப் போன். சுண்ணாம்புப் பொடி படிந்திருந்தது. கூடவே ஒரு முட்டை. அதன் ஓட்டில் பென்சிலால் ஆறு இலக்க ரகசிய எண். அதே நாளில்தான் பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் கோழிகள் தொடர்ந்து சாகின்றன என்ற பேச்சு வந்தது. அவர் கேட்டைப் பூட்டி உள்ளேயே இருந்துவிட்டார். யாரும் உள்ளே போக முடியாது, அவரும் வெளியே வரமாட்டார். கோபத்தில் பூட்டினாரா, கோழிக்காகப் பூட்டினாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்க வாய்ப்பில்லை. முட்டையை நாங்கள் உடைக்கவில்லை; ரகசிய எண்ணைச் சமைத்துத் தின்பது முறையல்ல. போனைத் தினம் மூன்று வேளை பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் காலை பதில் வந்தது.

'ஐஸ் வைக்கிறதா எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு வைக்காதீங்க. இந்த வலி உள்ளவங்க யாரும் ஐஸ் பக்கமே போகமாட்டோம். அதனால நீங்க வலிக்கு எண்ணெய் விக்க வந்த ஆளுன்னு ஒதுக்கி வெச்சுட்டோம், மன்னிக்கணும். ஒதுக்கினதையெல்லாம் அழிக்க உக்காந்தப்பதான் ரெண்டாவது வரியைப் படிச்சேன். காலண்டர் தாள் விவரம் விக்க வர்ற ஆளுக்குத் தெரியாது. நானும் ஒன்றரை வருஷம் நோட்டுல எழுதினவதான். எனக்குப் போன வருஷம் ஆபரேஷன் ஆச்சு. காதுக்குப் பின்னால தழும்பு இருக்கு, முடி மூடிக்கிச்சு. முதல் மாசம் தலைசுத்தல் இருந்தது, அதையும் சொல்லிடறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும்னு சொல்லமாட்டேன். அக்காவைப் பேசவைக்க வேண்டாம். நான் பேசறேன், அவங்க கேட்டுக்கிட்டு இருந்தா போதும்.'

என் மனைவி அதை மூன்று முறை படித்தாள். பிறகு பண்ணை இருக்கும் திசையைக் கையால் காட்டினாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்துப் பண்ணைக்காரம்மா வந்தார். இளைத்திருந்தார். தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"கோழியெல்லாம் எப்படி இருக்கிறது?"

"இருக்குதுங்க. பதில் வந்துதுங்களா?"

"வந்தது."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருக்காங்க. ஐஸ் வைக்காதேன்னு."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "லிங்க் ஏதாவது அனுப்பிச்சாங்களா?"

"இல்லை."

"போட்டோ, ரிப்போர்ட்டு?"

"எதுவும் கேக்கல."

"அக்காவைப் பேசச் சொன்னாங்களா?"

"பேச வேண்டாம்னு எழுதியிருக்காங்க. அவங்க பேசறாங்களாம், இவ கேட்டா போதுமாம்."

பண்ணைக்காரம்மா ஊதாத் தண்ணீரின் விளிம்புவரை வந்தார்.

"அப்ப உள்ள உடலாங்க சார்" என்றார். பிறகு, "ஊட்டுப் போன் நெம்பர் குடுத்துராதீங்க. இதுலயே பேசட்டும்" என்றார்.

விரிசல் விட்ட அந்தப் போனில், வலிக்காத இடப்பக்கக் காதில், என் மனைவி முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முறை தலையாட்டினாள். முடிந்ததும் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்: 'கையெழுத்து எங்க போடணும்?'

செம்பை எடுத்துவிட்டு இடத்தைக் காட்டினேன். போட்டாள். தாளைத் திருப்பினேன், பின்பக்கம் காலியாக இருந்தது. மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். கிழித்த தாளில் தேதி இருந்தது: அக்டோபர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை. விதிப்படி வந்திருக்க வேண்டிய நாளுக்கு அறுபத்தொன்பது நாள் பிந்தி, பதில் வந்து சேர்ந்த நாள் அது.